வீட்டுச் சின்னப் பெடியனுக்கு கிஃப்ட் வாங்கப் போறீங்களா? திருகோணமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

மருமகனுக்குப் பிறந்தநாள், பெறாமகன் ஆண்டு ஒண்டுக்குப் போறான், அக்காட மகனுக்கு ஏடு தொடக்கம் எண்டு வந்தா நம்மட ஆக்கள் முக்காவாசிப் பேர் செய்யிறது ஒண்டுதான். விசேஷத்துக்குப் போற வழியில மத்திய வீதியில ஆட்டோவ நிப்பாட்டி, கடை வாசல்ல தொங்கிற பெரிய பெட்டியா ஒண்ட எடுத்து, வடிவான பேப்பர் சுத்தித் தரச்சொல்லி, அப்பிடியே கொண்டு போய்க் குடுக்கிறது. ஆம்பிளப் பிள்ளைதானே, காரெண்டாச் சரி. பிறகு அந்தக் காருக்கு ஒரு கிழமையில சில்லு கழண்டு போகும், பெட்டி மட்டும் அலுமாரிக்கு மேல கிடக்கும், காசு போனது போனதுதான்.

நான் சொல்ல வாற விசயம் சின்னது. சாமானப் பாக்கிறதுக்கு முதல் அந்தப் பெடியன்ட ஒரு நாளைப் பாருங்க. காலமை எழும்பினதில இருந்து படுக்கிற வரைக்கும் அவன் எங்க நிக்கிறான், யாரோட நிக்கிறான், கையில என்ன வச்சிருக்கிறான் எண்டு தெரிஞ்சா கிஃப்ட் தானா வந்து நிக்கும். கீழ சொல்லுறது எல்லாம் பிறந்ததில இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பெடியன்மாருக்கு, அதுக்கு மேல போனா அவங்களே என்ன வேணுமெண்டு சொல்லுவாங்க.

முதல் படி: கேளுங்க, ஆனா சரியான கேள்வியக் கேளுங்க

"அக்கா, தம்பிக்கு என்ன வாங்கிறது?" எண்டு கேட்டா உலகத்தில உள்ள எல்லா அக்காமாரும் சொல்லுற பதில் ஒண்டுதான், "ஒண்டும் வேணாமடி, நீ வந்தாலே காணும்." அது மரியாதைக்குச் சொல்லுறது, அத வச்சு ஒண்டும் செய்ய ஏலாது. அதால கேள்விய மாத்திக் கேளுங்க.

"நேத்துப் பின்னேரம் தம்பி என்ன செய்துகொண்டிருந்தவன்?"
"அத ஏன் கேக்கிறாய், அவன் அப்பாட சுத்தியல எடுத்துப் பழைய வாங்கில ஆணி அடிச்சுக்கொண்டிருந்தவன், நான் கண்டு பறிச்சு வச்சிட்டன்."

பாத்தீங்களா, இதுக்குள்ளயே கிஃப்ட் இருக்கு. அந்தப் பிள்ளைக்குக் கார் வேணாம், கைக்கு அளவான ஒரு சின்னச் சுத்தியல், கொஞ்ச ஆணி, தச்சுப் பட்டறையில கேட்டா சும்மாவே தருவாங்க நாலஞ்சு மெல்லிசான பலகைத் துண்டு, பக்கத்தில இருந்து பிடிக்கச் சொல்லிக் குடுக்கிற ஒரு மாமா. இத எந்தக் கடையிலயும் பெட்டியில போட்டு விக்க மாட்டாங்க.

அதோட இன்னும் மூண்டு விசயம் கேளுங்க. வீட்டில ஏற்கனவே என்ன இருக்கு (அஞ்சு ரிமோட் கார் இருக்கிற வீட்டுக்கு ஆறாவது வேணாம்). பக்கத்தில விளையாடச் சோடி இருக்கா, இல்லாட்டி அம்மம்மாவோட தனியத்தானா. என்ன சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாதெண்டு தாய் தகப்பன் நினைக்கிறாங்க. கடைசிக் கேள்வி மிச்சம் முக்கியம், ஏனெண்டா சில வீட்டில ரப் (ரப்லெட்) வேணாமெண்டு தாய் ஆறு மாசமாப் போராடிக்கொண்டிருப்பா, நீங்க பாசத்தில ஒண்டக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தப் போராட்டம் முழுக்க வீண்.

தாய் தகப்பன் ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்கெண்டா, பகல்ல பிள்ளையப் பாக்கிற அம்மம்மாட்டயோ அப்பம்மாட்டயோ கேளுங்க. அவங்களுக்குத்தான் உண்மையான விபரம் தெரியும்.

ரெண்டாவது படி: வீட்டையும் வளவையும் பாருங்க

இத ஒருத்தரும் யோசிக்கிறேல்ல, ஆனா நம்மட ஊரில இது பெரிய விசயம். உவர்மலைப் பக்கம் மாடியில வாடகைக்கு இருக்கிற வீடும், லிங்கநகரில முத்தம் உள்ள வீடும், உப்புவெளியில கடலுக்குக் கிட்ட மணல் வளவுள்ள வீடும் ஒரு பெடியனுக்கு ஒரே இடம் இல்ல.

மணல் வளவில ரிமோட் கார் ஓடாது. சின்னச் சில்லு புதையும், பல்லுச் சில்லுகளுக்குள்ள மணல் போய் 'கறகற' எண்டு சத்தம் வரும், மோட்டர் போயிடும். அந்த வளவுக்கு டிப்பர், பெக்கோ மாதிரி கையால தள்ளுற பெரிய சில்லு வச்ச தடிச்ச பிளாஸ்டிக் சாமான்தான் சரி, மண்ண அள்ளிக் கொட்ட ஒரு வாளி, மம்பெட்டியும் சேத்துக் குடுத்தா அவன் பின்னேரம் முழுக்க வெளியில நிப்பான்.

மற்றது உப்புக்காத்து. கடக்கரையில இருந்து கொஞ்சத் தூரத்துக்குள்ள இருக்கிற வீடெண்டா இரும்பு எதுவும் நிண்டு பிடிக்காது. தகரச் சாமான், மலிவான இரும்பு ஸ்கூட்டர், சங்கிலி எல்லாத்திலயும் கெதியாக் கறள் ஏறும். பற்றரி போடுற சாமானிலயும் அந்த ஸ்பிரிங் பச்சை பிடிச்சு வேலை செய்யாமப் போறது இதாலயும்தான், விளையாடாத நாளில பற்றரியக் கழட்டி வைக்கச் சொல்லுங்க. மரம், நல்ல பிளாஸ்டிக், றப்பர், அலுமினியம் இதுகள் பிரச்சினையில்ல.

மூண்டாவது படி: வயசு

இதில கொஞ்சம் நிண்டு வாசிங்க, ஏனெண்டா இது உசிர்ச் சங்கதி.

பெட்டியில ஒரு குழந்தை முகத்தப் போட்டு, 0-3 எண்டு எழுதி, குறுக்கால சிவப்புக் கோடு கீறியிருந்தா மூண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு அது வேணவே வேணாம். "எங்கட பிள்ளை கெட்டிக்காரன், வாயில வைக்க மாட்டான்" எண்டு சொல்லாதீங்க. கெட்டித்தனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அந்த வயசில தொண்டைக்குழி சின்னன், அவ்வளவுதான். பெட்டியில ஒண்டும் போடாத சாமானெண்டா ரொய்லெட் பேப்பர் சுத்தியிருக்கிற மட்டைக் குழல எடுத்து அதுக்குள்ள போட்டுப் பாருங்க, அதுக்குள்ளால விழுற எந்தத் துண்டும் அந்த வயசுக்கு ஆபத்து. ஊதாத பலூனும் வெடிச்ச பலூன் துண்டும் இதே கணக்குத்தான், பிறந்தநாள் வீட்டில நிலத்தில கிடக்கிற பலூன் துண்டுகள உடன பொறுக்கிப் போடுங்க.

அடுத்தது பட்டன் பற்றரி. காசு மாதிரி வட்டமா, பளபளப்பா இருக்கும், பாட்டுப் பாடுற புத்தகம், லைட் எரியிற சாமான், சின்ன ரிமோட், பாட்டு வாழ்த்து மட்டை எல்லாத்துக்குள்ளயும் இருக்கும். பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாய்ல நிண்டிட்டா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே உள்ளுக்க சுட்டுப் புண்ணாக்கிப் போடும். கடையில வாங்கேக்க அந்தப் பற்றரி மூடி ஸ்குறூ ஆணி போட்டுப் பூட்டியிருக்கா எண்டு திருப்பிப் பாருங்க, நகத்தால திறக்கக் கூடியதா இருந்தா அங்கயே வச்சிட்டு வாங்க. விழுங்கினதெண்டு சந்தேகம் வந்தாலே காணும், சத்தி எடுக்கப் பண்ணாம நேர பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க.

சின்னச் சின்னக் காந்த உருண்டையும் வேணாம். ஒண்டுக்கு மேல விழுங்கினா குடலுக்குள்ள ஒண்ட ஒண்டு இழுத்துப் பிடிச்சு ஓட்டை போட்டிடும். தண்ணியில போட்டா ஊதிப் பெருக்கிற கலர் மணியும் அப்பிடித்தான், வயித்துக்குள்ளயும் அது ஊதும்.

இப்ப வயசு வயசாப் பாப்பம். ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்கு கிஃப்ட் தேவையில்ல, தாய்க்குத்தான் தேவை. நல்ல பருத்தி உடுப்பு (இப்ப போடுற அளவு வேணாம், ஆறு மாசம் கழிச்சுப் போடுற அளவு), நுளம்பு வலை, இல்லாட்டி ஒரு நேரச் சாப்பாடு சமைச்சுக் கொண்டு போறது. ஒண்டில இருந்து மூண்டு வரைக்கும் தள்ளுறது, அடுக்கிறது, கொட்டிறது, திரும்ப அள்ளுறது, இதுதான் அவன்ட வேலை. பந்து, பெரிய கட்டைகள், மட்டைப் புத்தகம். மூண்டில இருந்து அஞ்சு வரைக்கும் நடிப்புக் காலம், அவன் டொக்டர், கடைக்காரன், பஸ் கொண்டக்டர் எல்லாமா இருப்பான், அதால அந்த மாதிரிச் செட் நல்லாப் போகும். குசினிச் செட்டும் சேத்துத்தான் சொல்லுறன், "அது பொம்பிளப் பிள்ளையள்ட சாமான்" எண்டு ஆராவது முகம் சுழிச்சா கணக்கில எடுக்காதீங்க, தேத்தண்ணி ஊத்திக் குடுத்து விளையாடுற பெடியன் நாளைக்கு வீட்டில உதவியா நிப்பான். ஆறில இருந்து எட்டு வரைக்கும் விதி வச்சு விளையாடத் தொடங்குவான், வெண்டது தோத்தது பெரிய விசயமா வரும், தாயம், டாம், கரம், செஸ் எல்லாம் அப்பதான். எட்டுக்கு மேல ஒரு விசயத்தில பைத்தியமாயிருப்பான், கிறிக்கெட்டோ, கப்பலோ, மீனோ, ரயிலோ, அந்தப் பைத்தியத்தக் கண்டுபிடிக்கிறதுதான் உங்கட வேலை.

நாலாவது படி: காசு, பவுண், பேங்க் புத்தகம்

உங்கட பட்ஜெட்ட முதலே முடிவு பண்ணுங்க, கடைக்குள்ள போய் நிண்டு முடிவு பண்ணினா சரிவராது. தனிய ஒரு பெரிய சாமான் வாங்க ஏலாட்டி மாமாமார், சித்தப்பாமார், மாமிமார் எல்லாரும் சேந்து ஒரு சைக்கிள் வாங்குங்க. ஏழு பேர் ஏழு கார் குடுக்கிறத விட ஏழு பேரும் சேந்து ஒரு சைக்கிள் குடுத்தா அந்தப் பிள்ளை அத ரெண்டு மூண்டு வருசம் ஓடுவான்.

பவுண் குடுக்கிறது நம்மட வழக்கம், அதுவும் தாய்மாமன் எண்டா கட்டாயம் எதிர்பாப்பாங்க. சின்னதுக்குப் பஞ்சாயுதம் போட்ட சங்கிலி குடுக்கிறது இண்டைக்கு நேத்து வந்த பழக்கமில்ல, சங்கு, சக்கரம், கதை, வாள், வில் அஞ்சையும் கோத்து ஆம்பிளப் பிள்ளைக்குக் கட்டுறது பழந்தமிழ்ப் பாட்டுக் காலத்தில இருந்தே இருக்கு. 1 பவுண் எண்டா 8 கிராம், 22 கரட்டெண்டா 916 எண்டு அடிச்சிருக்கும், அதாவது ஆயிரத்தில 916 பங்கு தங்கம், அந்த முத்திரையையும் பில்லையும் பாத்து வாங்குங்க. ஆனா சங்கிலிய விசேஷத்தண்டைக்குப் போட்டுப் படம் எடுத்திட்டுக் கழட்டி வைக்கச் சொல்லுங்க, நித்திரையில கழுத்தில சங்கிலி கிடக்கிறது கைக்குழந்தைக்கு நல்லதில்ல, சின்ன மோதிரம் வாய்க்குத்தான் போகும்.

பவுண் விலைக்கு ஏலாதெண்டா பிள்ளையள்ட சேமிப்புக் கணக்கு இருக்கு, இலங்கை வங்கியில ரண் கெகுலு, தேசிய சேமிப்பு வங்கியில ஹபன் எண்டு ஒவ்வொரு பேங்கிலயும் ஒவ்வொரு பேர். பொதுவா 18 வயசு வரைக்கும் அந்தக் காசு அங்கயே கிடக்கும். ஏற்கனவே கணக்கு இருந்தா தாய்ட்ட நம்பர் வாங்கிப் போட்டிட்டு, போட்ட துண்ட ஒரு உண்டியலோட சேத்துக் குடுங்க. வெறும் துண்டு சின்னப் பிள்ளைக்கு விளங்காது, உண்டியல் விளங்கும். சித்திரை வருசத்துக்குக் கைவிசேஷமா வாற புது நோட்டுகளையும் அவனே அதுக்குள்ள போடட்டும்.

அஞ்சாவது படி: சாமானத் தெரிவு செய்யிறது

கிறிக்கெட் பட். இதில கனபேர் விடுற பிழை, "வளந்தா விளையாடுவான்தானே" எண்டு பெரிய பட் வாங்கிறது. பாரமான பட்டால அடிக்கிற பெடியன் குறுக்கால வீசத்தான் பழகுவான், நேர அடிக்கப் பழக மாட்டான். உயரம் 4 அடி 3 அங்குலத்துக்குக் கீழ எண்டா 1ஆம் நம்பர், அதுக்கு மேல 4 அடி 6 அங்குலம் வரைக்கும் 2, 4 அடி 9 அங்குலம் வரைக்கும் 3 எண்டு சுமாராக் கணக்கு, கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். பெடியன் பக்கத்தில இல்லாட்டி அவன்ட உயரத்தத் தாயிட்டக் கேட்டு எழுதிக்கொண்டு போங்க. கூட்டிக்கொண்டு போக ஏலுமெண்டா பட்ட அவன்ட காலோட சேத்து நிப்பாட்டிப் பாருங்க, பிடி இடுப்புக்குக் கிட்ட வந்து நிக்கோணும், வயித்துக்கு வந்தாப் பெரிசு. பிறகு மேல் கையால மட்டும் பிடிச்சு, அதாவது வலது கைக்காரனெண்டா இடது கையால, நேர நீட்டச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் ஆடாமப் பிடிச்சா அது அவன்ட பட், கை நடுங்கி நுனி கீழ இறங்கினா ஒரு நம்பர் குறைச்சு எடுங்க. ரெனிஸ் பந்தில விளையாடுற பெடியனுக்கு விலைகூடின இங்கிலிஸ் வில்லோ மரத்தில செய்த பட் தேவையே இல்ல. பட்டோட ரெண்டு மூண்டு பந்து சேத்து வாங்குங்க, பந்து எப்பிடியும் பக்கத்து வளவுக்குள்ள போகும்.

ஃபுட்போல் எண்டா 8 வயசுக்குக் கீழ 3ஆம் நம்பர், 8 இல இருந்து 12 வரைக்கும் 4, அதுக்குப் பிறகுதான் 5. பம்பும் ஊசியும் சேத்துக் குடுக்காட்டி காத்துப் போன பந்து மூலையில கிடக்கும்.

சைக்கிள். வயச விடக் கால் நீளம்தான் முக்கியம், எண்டாலும் சுமாரா 3-4 வயசுக்கு 12 அங்குலச் சில்லு, 4-5க்கு 14, 5-7க்கு 16, 7 இல இருந்து 9-10 வரைக்கும் 20. சீற்றில இருக்கேக்க, புதுசாப் பழகிறவனெண்டா, ரெண்டு காலும் நிலத்தில படோணும். பிரேக் பிடியில விரல் எட்டுதா எண்டு பாருங்க, சின்னக் கைக்கு எட்டாத பிரேக் இருந்தும் இல்லாத மாதிரித்தான். பக்கச் சில்லுப் போட்டுப் பழக்கிறத விட ரெண்டு பெடலையும் கழட்டிப்போட்டுக் காலால உந்தி ஓட விட்டா பலன்ஸ் கெதியா வரும், பிறகு பெடலப் பூட்டலாம். ஒரு விசயம், இடது பக்கப் பெடல்ட புரி மறுபக்கம், அதக் கழட்ட கடிகாரம் சுத்துற பக்கமாத் திருப்போணும். இது தெரியாம முழுப் பலத்தையும் போட்டுப் புரிய அழிச்சவங்க இருக்கிறாங்க. ஹெல்மெட் கட்டாயம், புருவத்துக்கு மேல ரெண்டு விரல் அகலம் மட்டும் இடைவெளி இருக்கோணும், பின்னுக்குச் சரிஞ்சு நெத்தி தெரிஞ்சா போட்டும் பிரயோசனமில்ல. சைக்கிள் குடுக்கேக்க ஒரு சின்னப் போத்தல் எண்ணெயும் பழைய துணியும் சேத்துக் குடுங்க, கடக்கரைக்குக் கொண்டு போய் வந்தா நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு சங்கிலிக்கு எண்ணெய் விடுறது அவன்ட வேலை எண்டு முதல் நாளே சொல்லுங்க.

பூட்டுற கட்டைகள். லெகோ இப்ப செய்யிற கட்டை 1958இல உரிமம் எடுத்த வடிவம், அண்டைக்குச் செய்ததும் இண்டைக்குச் செய்யிறதும் ஒண்டோடொண்டு பூட்டும், அதால இந்த வருசம் கொஞ்சம் அடுத்த வருசம் கொஞ்சமெண்டு சேத்துக்கொண்டே போகலாம், சின்னாக்களுக்கு அதில டூப்ளோ எண்டு பெரிய கட்டை இருக்கு. அசல் விலை கூட, கடையில இருக்கிறதில கனக்க அதப் பாத்து வேற கம்பனி செய்ததுதான். அது தப்பில்ல, ஆனா ரெண்டு கட்டையப் பூட்டிக் கழட்டிப் பாருங்க. பிள்ளையால இழுத்துக் கழட்ட ஏலாத அளவு இறுக்கமோ, தூக்கினவுடன விழுற அளவு தொளதொளப்போ இருந்தா வாங்காதீங்க. ஒரே ஒரு ஹெலிக்கொப்டர் மட்டும் செய்யிற பெட்டிய விட சும்மா கலந்து கிடக்கிற கட்டைப் பெட்டிதான் கனகாலம் ஓடும்.

கரம் போட் மழைக்கால கிஃப்ட். ஐப்பசி, கார்த்திகையில மழை பிடிச்சா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிற பெடியனுக்கு இதைவிட என்ன வேணும், அப்பப்பாவில இருந்து தங்கச்சி வரைக்கும் எல்லாரும் சேரலாம். போட்டி அளவுப் போட் உள்ளுக்க 74 சென்ரிமீற்றர் சதுரம், சின்ன வீட்டுக்கு அது இடம் பிடிக்கும், சின்ன அளவிலயும் வருது. காய் எண்ணிப் பாருங்க, கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1.

கலர், பேப்பர். முன்பள்ளிப் பிள்ளைக்குத் தடிச்ச கிரெயொன், அட்லஸ் கம்பனிட சாமான் எல்லாக் கடையிலயும் எடுக்கலாம், ஆனா கலர் பெட்டியோட பெரிய வெள்ளைத் தாள் கட்டு ஒண்டும் குடுக்கோணும், இல்லாட்டி சுவர்தான் தாள். புத்தகமெண்டா ஒண்டு மட்டும் சொல்லுறன், நீங்க ஒருக்கா அவனுக்கு வாசிச்சுக் காட்டாம விட்டா அது அலுமாரிக்குத்தான் போகும்.

தொலைநோக்கி. இது திருகோணமலைப் பெடியனுக்கெண்டே செய்த கிஃப்ட். வீட்டு மாடியில நிண்டா துறைமுகத்துக் கப்பல், கோட்டைக்குள்ள போனா மான், கோணேசர் மலையில நிண்டா கடல், பாக்கிறதுக்கு இவ்வளவு வச்சுக்கொண்டு வெறுங்கண்ணோட விடக்கூடாது. 8 வயசுக்கு மேல குடுங்க. அதில 8x30 மாதிரி ரெண்டு எண் இருக்கும், முன்னுக்குள்ளது எத்தினை மடங்கு பெருசாக் காட்டும் எண்டு, பின்னுக்குள்ளது கண்ணாடி எத்தினை மில்லிமீற்றர் அகலம் எண்டு. 8க்கு மேல போகாதீங்க, மடங்கு கூடக்கூட கை ஆடுறதும் கூடும், பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. சூரியனப் பாக்கக் கூடாதெண்டு ஒரு தரமில்ல, பத்துத் தரம் சொல்லிக் குடுங்க.

பட்டம். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில வாங்கிக் குடுக்கிறத விட அவனோட இருந்து ஈர்க்கும் தாளும் வச்சுக் கட்டிக் குடுங்க. நூல் பருத்தி நூல், தங்கூஸ் (மீன் பிடிக்கிற நைலோன் நூல்) வேணாம், கைய வெட்டும். மேல கரண்ட் வயர் இல்லாத வெளியில மட்டும், வயரில மாட்டின பட்டத்த இழுக்கக் கூடாது.

ஆறாவது படி: வாங்கக் கூடாதது

ஊதுற டியூப், மிதவைப் படுக்கை. கடல் ஊருப் பிள்ளைக்கு நல்ல கிஃப்ட் மாதிரித் தெரியும், ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்மட கடல் அமைதியா இருக்கிற வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும்தான் கச்சான் அடிக்கும். அது தென்மேற்குக் காத்து, நம்மட கரையில தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. டியூப்புக்குள்ள இருக்கிற பிள்ளைய அது மெதுவா வெளிய கொண்டு போகும், அலை இல்லாததால கரையில நிக்கிற ஆக்களுக்கும் பயம் வராது. நீந்தப் பழக்கிறதுக்குக் காசு கட்டுங்க, அதுதான் கிஃப்ட்.

குண்டு போட்டுச் சுடுற பிளாஸ்டிக் துவக்கு. கண்ணுக்கு ஆபத்து எண்டது ஒண்டு. மற்றது, உண்மையான துவக்குக்கு முன்னால நிண்ட ஆக்கள் இன்னும் நம்மட வீடுகளில இருக்கிறாங்க. அம்மம்மாட்ட நீட்டி 'டுமீல்' எண்டு பேரன் விளையாடுறத நான் பாக்க விரும்பேல்ல, இதில எனக்கு விட்டுக்குடுப்பே இல்ல.

போன், ரப். உலக சுகாதார நிறுவனம் 2019இல சொன்னபடி 2 வயசுக்குக் கீழ திரையே வேணாம், 2 இல இருந்து 4 வரைக்கும் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேணாம். பெரிய பிள்ளைக்கெண்டாலும் அது தாய் தகப்பன் எடுக்கிற முடிவு, சித்தப்பா எடுக்கிற முடிவில்ல.

ஏழாவது படி: வெளிநாட்டில இருந்து வாங்கிறவங்களுக்கு

கனடாவில இருந்து மாமா கொண்டு வாற சாமான் இஞ்ச வந்து செருகினவுடன புகைஞ்சு போறதுக்குக் காரணம் கரண்ட். அங்க 120 வோல்ற், இஞ்ச 230. சார்ஜர்ல 100-240 எண்டு எழுதியிருந்தாப் பயமில்ல, 120 மட்டும் எழுதியிருந்தா கொண்டு வராதீங்க. லண்டன் சாமான் பிரச்சினையில்ல, அதே மூண்டு சதுரக் கால் பிளக் இஞ்சயும் கனக்க வீட்டில பூட்டும். உடுப்பு, சப்பாத்து அனுப்பிறதெண்டா வயச நம்பாதீங்க, பிள்ளைய வெறுங்காலோட ஒரு தாளில நிப்பாட்டி, சுத்திவரக் கோடு கீறி, குதியில இருந்து பெருவிரல் வரைக்கும் சென்ரிமீற்றரில அளந்து வட்ஸ்அப்பில போடச் சொல்லுங்க, அதோட ஒரு சென்ரிமீற்றர் கூட்டி அங்கத்தைய அளவு அட்டவணையப் பாருங்க. அங்க குளிருக்குப் போடுற தடிச்ச ஜக்கெட் இஞ்ச படம் எடுக்க மட்டும்தான் உதவும்.

இஞ்ச வர ஏலாதவங்க காச அனுப்பி, ஊரில இருக்கிற ஆராவது ஒரு ஆளிட்டப் பொறுப்புக் குடுங்க, அந்தப் பெடியன ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. மீன்ல பைத்தியமெண்டா புறாமலைத் தீவு, அது 2003இல இருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறைய மிதிக்காம நிண்டு பாக்கச் சொல்லிக் குடுங்க. ரயில் பைத்தியமெண்டா ஸ்டேசனில நேரம் கேட்டு சீனக்குடா, தம்பலகாமம் தாண்டிக் கந்தளாய் வரைக்கும் ரயில்ல போய் பஸ்ஸில வரலாம். இன்னும் சின்னனெண்டா கன்னியாவில ஏழு கிணத்துத் தண்ணியையும் ஒவ்வொண்டாத் தொட்டுப் பாத்து எது கூடச் சுடுது எண்டு சொல்லுறதே அவனுக்குப் பெரிய விளையாட்டு.

எட்டாவது படி: கடையிலயும் குடுக்கேக்கையும்

வடகரை வீதியிலயோ மத்திய வீதியிலயோ வாங்கிறதெண்டா பின்னேர நெருக்கத்துக்கு முதல் போங்க, கடைக்காரர் பெட்டிய உடைச்சுக் காட்ட நேரம் இருக்கும். பற்றரி போட்டு ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. ஓரங்கள விரலால தடவிப் பாருங்க, மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பாருங்க, பெயின்ற் மணம் மூக்கில அடிச்சா, நகத்தால சுரண்ட உரிஞ்சு வந்தா வேணாம். திருவிழாக் கடையில வாங்கிற சாமான் அண்டைக்குச் சந்தோசத்துக்கு, அத கிஃப்ட் கணக்கில சேக்காதீங்க. ஒன்லைன் கடை டராஸ்ல எடுத்தா அளவு சென்ரிமீற்றரில என்ன எண்டு பாருங்க, படத்தில எல்லாம் பெரிசாத்தான் தெரியும்.

பற்றரி சேத்து வாங்குங்க. வீட்ட போய்ப் பெட்டிய ஒருக்காத் திறந்து, பிள்ளையால அவிழ்க்க ஏலாத வயர்க் கட்டுகள வெட்டி, பற்றரியப் போட்டு, திரும்ப வச்சுப் பேப்பர் சுத்துங்க. பிரிச்சவுடன கையில எடுத்து விளையாடக் கூடியதா இருக்கோணும், "அப்பா வந்து பூட்டித் தருவார், இரு" எண்டு சொன்னா அந்தப் பிள்ளைட முகம் போற போக்கப் பாக்க ஏலாது.

வீட்டில அக்காவோ தங்கச்சியோ இருந்தா அவவுக்கும் சின்னதா ஒண்டு கொண்டு போங்க, ஒரு கலர்ப் பேனை எண்டாலும் சரி. விலையப் பத்திப் பிள்ளைக்கு முன்னால கதைக்காதீங்க. "உடைச்சியெண்டா அடுத்த வருசம் இல்ல" எண்டும் சொல்லாதீங்க, விளையாடத்தானே வாங்கினது. குடுத்திட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போயிடாம ஒரு அரை மணித்தியாலம் நிலத்தில இருந்து அவனோட விளையாடுங்க, எப்பிடிப் பிடிக்கிறது, எப்பிடிப் பூட்டுறது எண்டு நீங்க காட்டினாத்தான் அடுத்த நாள் அவன் தானா எடுப்பான்.

பில்ல மட்டும் பிள்ளையிட்ட இல்ல, தாயிட்டத் தனியக் குடுத்து, எந்தக் கடை, எத்தினை நாளுக்குள்ள மாத்தலாம் எண்டு சொல்லிட்டு வாங்க. அளவு பிழைச்சாலும், அதே சாமான் வேற ஆராவது குடுத்திருந்தாலும், உங்களிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்காம அவ போய் மாத்திக்கொள்ளுவா.